கொங்கு எருதின் கடைசி நாள்: இறைச்சியின் மென்மை பற்றி ஒரு வரலாற்று நோக்கு

சில ஆண்டுகளுக்கு முன்னர், அரபுக் கல்லூரி வகுப்பில் நாம் 'கிதாபுத் தபாஇஹ்' என்னும் அறுப்புப் பிராணிகள் பற்றிய பாடத்தை நடத்திக்கொண்டிருந்தோம். மாணவர் ஒருவர் எழுந்து நின்றார். கோபிசெட்டிபாளையம் வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாகக் கசாப்புத் தொழில் செய்துவரும் குடும்பத்துப் பிள்ளை அவர். "ஹஜ்ரத், லாரியில் வரும்போதே கால் ஒடிந்து விழுந்த மாட்டைக் கயிறு கட்டி இழுத்து இறக்குகிறார்கள். இறக்கிய கையோடு பிஸ்மி சொல்லி அறுத்துவிடுகிறார்கள். அது ஹலால்தானே?" என்று கேட்டார். உயிர் இருக்கும்போது முறைப்படி அறுத்திருந்தால் ஹலால், இழுத்தது மக்ரூஹ் என்று விடையளித்துவிட்டு அடுத்த மஸ்அலாவுக்குச் சென்றோம். "அந்தக் கறி கறுத்துப்போய் இருக்கும் ஹஜ்ரத். கையில் பிசின் போல ஒட்டும். சாயங்காலத்துக்குள் வாடை வந்துவிடும்" என்று அவர் தயங்கித் தயங்கிக் கூறியதை அன்று நாம் செவியில் வாங்கிக்கொள்ளவில்லை.

கறி ஏன் கறுக்கிறது என்பதை விளங்கிக்கொள்ளக் கால்நடை அறிவியலார் எழுதியவற்றைப் பின்னாளில் தேடிப் படிக்க நேர்ந்தது. படிக்கப் படிக்க, அம்மாணவருக்கு நாம் அளித்தது பாதி விடையே என்பது தெளிவாயிற்று. மீதி விடையைத் தேடிச் சென்ற வழியில் கொங்குநாட்டு மாட்டின் வரலாறும் இறைச்சியின் அறிவியலும் ஃபிக்ஹு நூல்களின் சில வரிகளும் ஒன்றையொன்று சந்தித்தன. அவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் மாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொங்கு மாடு என்றதும் நினைவுக்கு வருவது காங்கேயம் இனம். காங்கேயம், தாராபுரம், பெருந்துறை, ஈரோடு, பவானி ஆகியவற்றோடு கோபிசெட்டிபாளையம் வட்டத்தின் ஒரு பகுதியையும் இவ்வினத்தின் தாயகமாகப் பழைய கால்நடை நூல்கள் குறிக்கின்றன. செந்நிறத்தில் பிறக்கும் கன்று சில மாதங்களில் சாம்பல் நிறத்துக்கு மாறும். பொலிகாளையின் திமிலும் கழுத்தும் கருமை படரும். முள்ளுக்கிளுவை வேலியிட்டு, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாக வளர்க்கப்படும் 'கொறங்காடு' என்னும் மேய்ச்சல் நிலத்தில் இம்மாடு வளர்ந்தது. மழை குறைந்த நாட்டில் குடியானவர்கள் கண்ட நுட்பமான ஏற்பாடு அது. பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியாரின் மந்தையே இவ்வினத்தைச் சீர்படுத்தியது என்பதைக் கால்நடைத் துறையினர் ஒருமுகமாக ஒப்புக்கொள்கின்றனர். ஆர். டபிள்யூ. லிட்டில்வுட் 1936இல் வெளியிட்ட தென்னிந்தியக் கால்நடைகள் பற்றிய நூலும், ஜோஷியும் ஃபிலிப்ஸும் எழுதி 1953இல் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் வெளியிட்ட நூலும் இவ்வினத்தை விரிவாகப் பதிவுசெய்துள்ளன. வடக்கே பர்கூர் மலையில் செந்நிறத்தில் வெண்திட்டுகளோடு திரியும் பர்கூர் மாடு வேறோர் இனம். வேகமும் முரட்டுத்தனமும் அதற்குப் பேர்போனவை.

ஜோஷியும் ஃபிலிப்ஸும் காங்கேயத்தை மைசூர் மாட்டினங்களின் வரிசையில் வைத்தது தற்செயலன்று. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொங்குநாடு ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரின் ஆட்சியின்கீழ் இருந்தது. மைசூர் அரசின் மாட்டுப் பண்ணைத் துறையைத் தொடங்கியவர் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட சிக்கதேவராய உடையார். 'பெண்ணெ சாவடி', அதாவது வெண்ணெய்ச் சாவடி, என்பது அதன் பெயர். ஹைதர் அலி அம்மாடுகளைப் பீரங்கியும் தளவாடமும் இழுக்கும் படைமாடுகளாக்கினார். திப்பு சுல்தான் அத்துறைக்கு 'அம்ருத மஹால்' என்று பெயர் சூட்டி, மாடுகளைப் பேணுவதற்கென விதிமுறைகளும் வகுத்தார். சுல்தானின் படை விரைந்து நகர்ந்ததற்கு இம்மாடுகளின் கால்களே காரணம் என்பதை அவருடைய பகைவர்களே ஒப்புக்கொண்டனர். 1799க்குப் பின் மந்தைகள் ஆங்கிலேயர் கைக்கு வந்து, கவனிப்பாரின்றி நலிந்தன. பிறகு சென்னைப் படைத்துறையே மீண்டும் அவற்றைப் பொறுப்பேற்க நேர்ந்தது. நம் கட்டுரைக்கு இதில் தேவையான செய்தி ஒன்றே: தென்னாட்டின் இப்பெரும் மாட்டினங்கள் இழுப்பதற்காகவும் நடப்பதற்காகவும் உருவாக்கப்பட்டவை. உண்பதற்காக எவரும் அவற்றை வளர்க்கவில்லை.

இழுவை என்றால் எப்படிப்பட்ட இழுவை! கொங்குக் கிணறுகளில் கவலை இறைத்த எருதுகளைப் பார்த்தவர்கள் நம் வயதினரில் சிலர் இன்னும் உளர். சரிவான வாரியில் முன்னும் பின்னுமாக நடந்து, தோல் சாலில் நீரை இழுத்து இழுத்து நாளெல்லாம் உழைத்த பிராணிகள் அவை. 1932இல் பைக்காரா மின்சாரம் வந்த பின்னர் கோவை மாவட்டக் கிணறுகளில் மின்மோட்டார்கள் ஏறத் தொடங்கின. கோபிசெட்டிபாளையத்தின் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால் வயல்களில் ஏர் மாடுகள் இன்னும் நெடுங்காலம் சேற்றில் நடந்தன. பிறகு அங்கும் டிராக்டரும் பவர் டில்லரும் வந்தன. உழைத்து ஓய்ந்த எருதின் இறுதி வழி சந்தைக்குச் செல்வதாகவே இருந்தது. புன்செய்ப் புளியம்பட்டி, அந்தியூர், பொள்ளாச்சி என்று சந்தைகள் மாறினாலும் வழி மாறவில்லை. பொள்ளாச்சியில் விலை பேசப்படும் மாடுகளில் பெரும்பகுதி பாலக்காட்டு வழியே கேரளத்துக்குச் செல்கிறது என்பது எல்லாரும் அறிந்ததே.

அறுபடும் மாடு முதிர்ந்ததாகவே இருக்க வேண்டும் என்பதை வழக்கம் மட்டுமன்றிச் சட்டமும் உறுதிசெய்தது. 1958ஆம் ஆண்டுத் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, மாடோ எருமையோ பத்து வயதைக் கடந்து வேலைக்கும் இனவிருத்திக்கும் உதவாதது என்றோ, காயம், ஊனம், தீராத நோய் ஆகியவற்றால் நிரந்தரமாகச் செயலிழந்தது என்றோ சான்றிதழ் பெற்ற பின்னரே அறுக்கலாம். 1976இல் பிறப்பிக்கப்பட்ட அரசாணை பசுவையும் கிடாரியையும் அறுப்பதை முற்றாகத் தடுத்தது. அதே 1958இல் முஹம்மது ஹனீஃப் குறைஷி வழக்கில் உச்ச நீதிமன்றம், பசுவதைத் தடை செல்லும். ஆனால் பயன் தீர்ந்த காளையையும் எருமையையும் அறுக்கவே கூடாது என்பது நியாயமான கட்டுப்பாடு ஆகாது என்று தீர்ப்பளித்தது. குஜராத் வழக்கில் 2005இல் அளித்த தீர்ப்பில் அக்கருத்திலிருந்து நீதிமன்றம் விலகிச் சென்றதையும் குறிப்பிட வேண்டும். சட்டத்தின் நன்மை தீமை பற்றி ஈண்டு நாம் விவாதிக்கப் புகவில்லை. ஏழையின் தட்டுக்கு வரும் மாட்டிறைச்சி, பத்தாண்டுக்கு மேல் உழைத்த ஒரு பிராணியின் இறைச்சி என்பதை மட்டும் மனத்தில் கொள்வோம்.

இனி அறிவியலுக்கு வருவோம். இறைச்சியின் மென்மையை அளந்தறிய முடியுமா? முடியும் என்று காட்டினர் அமெரிக்கர் இருவர். 1920களின் இறுதியில் வார்னர் என்பவர் தொடங்கிய முயற்சியை, கான்சாஸில் ஆய்வு மாணவராக இருந்த பிராட்ஸ்லர் 1930களின் தொடக்கத்தில் செம்மைப்படுத்தினார். வேகவைத்த இறைச்சியிலிருந்து அரை அங்குலம் குறுக்களவுள்ள உருளையைக் குடைந்தெடுத்து, அதை மழுங்கிய அலகால் அறுக்க எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்று அக்கருவி அளக்கும். பல்லின் வேலையைத் தராசிடம் ஒப்படைத்த இம்முறை இன்றும் உலகெங்கும் வழக்கில் உள்ளது.

அளக்கத் தொடங்கியதும் காரணங்களும் ஒவ்வொன்றாகத் தெரியவந்தன. தசையிழைகளைக் கட்டிவைக்கும் கொலாஜன் என்னும் புரதம் இளமையில் எளிதாகக் கரையும். வயது ஏற ஏற அதன் இழைகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புகள் வலுக்கின்றன. கொதிக்கவைத்தாலும் எளிதில் இளகுவதில்லை. கிழட்டு எருதின் கறி நாராக இருப்பதன் முதற்காரணம் இதுவே. இரண்டாவது காரணம் இனம் சார்ந்தது. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்திலுள்ள கிளே சென்டர் இறைச்சி விலங்கு ஆய்வு மையத்தில் பணியாற்றியவர் முஹம்மது கூமராயி என்னும் கால்நடை அறிவியலார். மாட்டிறைச்சியின் மென்மை பற்றிப் பேசும் எவரும் இவர் பெயரைத் தவிர்க்க இயலாது. அறுத்த பின்னர் தசைக்குள் இருக்கும் கால்பெய்ன் என்னும் நொதியே தசைப் புரதங்களைச் சிறுகச் சிறுகச் சிதைத்து இறைச்சியை மென்மையாக்குகிறது என்பதையும், கால்பாஸ்டாட்டின் என்னும் மற்றொரு புரதம் அந்நொதியைக் கட்டிப்போடுகிறது என்பதையும் இவரும் இவருடைய குழுவினரும் பல்லாண்டு உழைத்து நிறுவினர். திமிலுள்ள மாடுகளின் தசையில் இத்தடுப்புப் புரதம் மிகுதி என்று 1990இல் விப்பிளும் கூமராயியும் பிறரும் வெளியிட்ட ஆய்வு காட்டியது. நம் காங்கேயமும் பர்கூரும் திமிலுள்ள மாடுகளே.

வயதையும் இனத்தையும் நாம் மாற்ற முடியாது. மூன்றாவது காரணம் அப்படியன்று. உயிருள்ள தசையில் கிளைக்கோஜன் என்னும் சர்க்கரைச் சேமிப்பு உண்டு. அறுத்த பின்னர் அது லாக்டிக் அமிலமாக மாற, ஏறத்தாழ 7 என்று இருந்த பி.எச். என்னும் அமிலகார அளவு ஒரு நாளுக்குள் 5.5 அளவுக்கு இறங்குகிறது. இவ்வாறு இறங்கினால்தான் இறைச்சி பளிச்சென்ற செந்நிறம் பெறும், எளிதில் கெடாது. ஆனால் அந்தப் பிராணி பட்டினியோடு நெடுந்தூரம் ஏற்றிவரப்பட்டு, நெரிசலில் மிதிபட்டு, அஞ்சி நடுங்கி, வாலை முறுக்கி விரட்டப்பட்டு அறுப்புக்கூடத்துக்கு வந்தால், சேமித்த சர்க்கரை முழுவதும் வழியிலேயே செலவாகிவிடும். அமிலம் உருவாக மூலப்பொருள் இராது. பி.எச். 6க்கு மேலேயே நின்றுவிடும். இறைச்சி கறுத்து, இறுகி, பிசுபிசுத்து, நுண்ணுயிர்களுக்கு விருந்தாகி விரைவில் கெடும். நம் மாணவர் அன்று வகுப்பில் கூறியதை ஆய்வாளர்கள் அட்டவணை போட்டு எழுதியிருந்தார்கள். அதைப் படித்தபோது நாம் வெட்கினோம் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை.

கறிக்கடைக்குப் போகும் வாசகர்களுக்கு உதவும் செய்தி ஒன்றையும் இங்கே சொல்லிவிடுவோம். அறுத்த சில மணி நேரத்துக்குள் தசை விறைக்கத் தொடங்கும். அந்த விறைப்பின் உச்சத்தில் சமைத்தால் கறி மிகக் கடினமாக இருக்கும். விறைக்கும் முன்னரே சூட்டோடு குளிர்பதனப் பெட்டிக்குள் தள்ளினாலோ தசை சுருங்கி இன்னும் கெட்டிப்படும். இக்குளிர்ச் சுருக்கத்தை நியூசிலாந்தின் லாக்கரும் ஹாக்யார்டும் 1963இல் விளக்கினர். குர்பானி இறைச்சியை வாங்கிய மாத்திரத்தில் பெட்டிக்குள் அடைக்கும் நம் வீட்டார் இதைக் கருத்தில் கொள்வது நன்று. முற்காலத்தில் அரபியர் அவ்விறைச்சியைக் கீற்றாக்கி வெயிலில் உலர்த்தினர். 'தஷ்ரீக்' நாட்கள் என்ற பெயர்க் காரணங்களுள் அதுவும் ஒன்று. நம்மவர் போட்ட உப்புக்கண்டமும் அவ்வழியே.

இப்போது நாம் பாடம் நடத்திய நூல்களுக்குத் திரும்புவோம். அல்லாஹ் எல்லாவற்றிலும் 'இஹ்சான்' எனும் நன்முறையை விதித்துள்ளான். அறுக்கும்போதும் அதனைப் பேணி, கத்தியைத் தீட்டி, பிராணிக்கு ஆசுவாசம் தர வேண்டும் என்னும் கருத்துடைய நபிமொழியை ஷத்தாத் பின் அவ்ஸ் (ரலி) அவர்கள் வாயிலாக இமாம் முஸ்லிம் (ரஹ்) பதிவுசெய்துள்ளார்கள். இதற்கு விளக்கம் எழுதிய இமாம் நவவீ (ரஹ்), பிராணியின் கண்முன் கத்தியைத் தீட்டலாகாது, ஒன்றின் முன்னிலையில் மற்றொன்றை அறுக்கலாகாது, அறுக்கும் இடத்துக்கு இழுத்துச் செல்லலாகாது என்று விரித்துரைக்கிறார்கள். மென்மையாக ஓட்டிச் செல்ல வேண்டும், அறுக்கும் முன் அதன்முன் தண்ணீர் வைக்க வேண்டும் என்று ஷாஃபிஈ மத்ஹபு நூல்கள் கூறுகின்றன. கொங்கு ராவுத்தர்களில் மிகப் பலர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபின் 'ஹிதாயா'வில் இமாம் மர்கீனானி (ரஹ்), காலைப் பிடித்து இழுத்துச் செல்வதும், கிடத்திய பின்னர் கத்தியைத் தீட்டுவதும், உடல் அடங்கிக் குளிரும் முன்னர் தோலை உரிப்பதும் மக்ரூஹ் என்கிறார்கள். ஆட்டை இழுத்துச் சென்ற ஒருவரை உமர் (ரலி) அவர்கள் கண்டித்து, அதனை அழகிய முறையில் அழைத்துச் செல்லுமாறு பணித்ததாகவும் அறிவிக்கப்படுகிறது.

நபிமொழியில் கிளைக்கோஜன் இருக்கிறது என்று நிறுவ நாம் முயலவில்லை. ஆய்வுக்கூடம் எதையாவது கண்டுபிடித்தவுடன் அது நம் நூல்களில் முன்பே உண்டு என்று மேடையேறி முழங்கும் வழக்கம் நமக்கு உவப்பானதன்று. அறிவியலார் மாற்றிப் பேசும் நாளில் அவ்வாறு முழங்கியவர்கள் எங்கே போய் நிற்பார்கள்? இமாம்கள் கறியின் நிறத்தைப் பற்றிக் கவலைப்பட்டு இவற்றை எழுதவில்லை. பிராணியின் மீதான இரக்கத்தையே கருதி எழுதினர். எனினும் ஒன்று உண்மை. பிராணி எவ்வாறு நடத்தப்பட்டது என்பதை மறைத்துவிடலாம் என்று எண்ணுகிறோம். அதன் தசையோ நடந்ததையெல்லாம் எழுதி வைத்துக்கொள்கிறது. 'மக்ரூஹ்தானே' என்று நாம் ஒதுக்கிவைத்த வரிகள் அனைத்தும் அறுப்புக்கு முந்திய மணி நேரங்களைப் பற்றியவை. கத்தி ஓடும் அந்த ஒரு நொடியை மட்டும் ஹலாலின் முழு வரலாறாகக் கருதியது நம் பிழை. நூல்களின் பிழையன்று.

கடினமான இறைச்சியைச் சமையற்கட்டில் வெல்லும் கலையும் பழையதே. இடைக்கால அரபுச் சமையல் நூல்களில், எளிதில் வேகாத கறிக்குள் முலாம்பழத் தோலைப் போடும் குறிப்பு உண்டு. வடஇந்தியாவில் 'கச்ரி' என்னும் காட்டு வெள்ளரியினக் காயை உலர்த்திப் பொடித்துக் கறியில் பிசைவர். பரேலிக்கு அருகே இஜ்ஜத்நகரிலுள்ள இந்தியக் கால்நடை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் நவீனா, மெந்திரத்தா, ஆஞ்சநேயலு ஆகியோர் இக்கச்ரிப் பொடியையும் இஞ்சிச் சாற்றையும் பப்பாளிப் பாலின் பப்பெய்னையும் முதிர்ந்த எருமை இறைச்சியில் ஒப்பிட்டு ஆய்ந்தனர். 2 விழுக்காடு கச்ரி, 5 விழுக்காடு இஞ்சிச் சாறு, 0.2 விழுக்காடு பப்பெய்ன் என ஊறவைத்து, 48 மணி நேரம் குளிரில் வைத்துப் பார்த்ததில் மூன்றுமே கொலாஜனை இளக்கின. பப்பெய்னுக்குப் பதில் மற்ற இரண்டையும் பயன்படுத்தலாம் என்று 2004இல் அவர்கள் எழுதினர். பப்பெய்னோ நம் கொங்கு மண்ணோடு தொடர்புடையது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் பப்பாளிப் பால் எடுப்பதற்கென்றே கோ 5 முதலிய இரகங்களை உருவாக்கியது. பிரியாணிக்குப் பச்சைப் பப்பாளியை அரைத்துப் பிசையும் நம் வீட்டுப் பெண்கள் அந்நொதியின் பெயரை அறியாமலே அதன் வேலையை அறிந்திருந்தனர். ஆயினும் பப்பாளியால் நாரை இளக்க முடியும். கறுத்த கறியைச் செந்நிறமாக்க முடியாது.

அண்மையில் அந்தப் பழைய மாணவரைக் கோபிசெட்டிபாளையத்தில் சந்தித்தோம். தந்தையின் கடையை இப்போது அவரே நடத்துகிறார். சான்றிதழ் பெற்ற எருதும் எருமையும்தான் அறுக்கிறார். அன்று நாம் தந்த பாதி விடைக்கு வருத்தம் தெரிவித்துவிட்டு, வாங்கிவரும் மாட்டை ஓரிரவாவது கட்டுத்தரையில் நிறுத்தித் தீவனமும் தண்ணீரும் காட்டுகிறாரா என்று கேட்டோம். சிரித்தார். "அத்தா காலத்தில் அப்படித்தான் ஹஜ்ரத். கொல்லையில் புளியமரம் இருந்தது, தண்ணீர்த் தொட்டி இருந்தது. நடத்திக் கூட்டிவந்த மாட்டை அன்றைக்கு அத்தா அறுக்கவே மாட்டார். இப்போது கொல்லை விற்றாயிற்று. மாட்டை இரவெல்லாம் கட்டிவைத்தால் யார் யாரோ வந்து கேள்வி கேட்கிறார்கள். வண்டிக்காரரும் வழியில் எங்கேயும் நிறுத்தப் பயப்படுகிறார். ஆறு மாட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது என்கிறது சட்டம். ஆறு மட்டும் ஏற்றினால் வாடகை கட்டாது என்கிறார்." 1978ஆம் ஆண்டு விலங்குப் போக்குவரத்து விதிகளைத்தான் அவர் குறிப்பிட்டார்.

ஊர் ஜமாஅத்துக்குச் சொந்தமான இடம் ஒன்று வாய்க்கால் ஓரத்தில் சும்மா கிடக்கிறது என்று பேச்சோடு பேச்சாக அவர் சொன்னார். நிழல் உண்டு, தண்ணீருக்கும் குறைவில்லை. கடைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து வெளிப்படையாக மனுக் கொடுத்து, கால்நடை மருத்துவரையும் அழைத்துக் காட்டி, அங்கே ஒரு கட்டுத்தரை போட்டால் என்ன என்று கேட்டோம். "நான் சொன்னால் கேட்க மாட்டார்கள் ஹஜ்ரத். நீங்கள் ஒரு ஜும்ஆவில் பேசுங்கள்" என்றார். வரும் துல்ஹஜ் பிறைக்கு முன்னர் பேசுவதாக ஒப்புக்கொண்டு வந்திருக்கிறோம்.